மனநிறைவும் கற்றலும்: மருத்துவ மாணவர் பின்னூட்டம் குறித்த திறனாய்வு

மருத்துவக் கல்லூரிகளில் பாட இறுதியில் திரட்டப்பெறும் மாணவர் பின்னூட்டம் பெரும்பாலும் மனநிறைவையே அளக்கிறது. டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959இல் முன்வைத்த நான்கு மதிப்பீட்டு நிலைகளில் இது முதல் நிலை மட்டுமே; கற்றல், நடத்தை மாற்றம், விளைவு ஆகியன அதற்கு அப்பாற்பட்டவை. மனநிறைவும் கற்றலும் முரண்படவும் கூடும். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நிகழ்த்தப்பெற்று 2019இல் வெளிவந்த ஆய்வில், செயல்வழி வகுப்பில் பயின்றோர் தாம் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தனர். தேர்விலோ கூடுதல் மதிப்பெண் பெற்றனர்.

அதே 2019இல் இந்திய இளநிலை மருத்துவப் படிப்பில் திறன்சார் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. பின்னூட்டப் படிவமும் அதற்கேற்பத் திரும்பியிருக்க வேண்டும். 'ஆசிரியர் தெளிவாக நடத்தினாரா?' என்பதைவிட, 'இரத்த அழுத்தத்தைத் தனியே அளந்து பார்க்க எத்தனை முறை வாய்ப்புக் கிடைத்தது?' என்னும் வினா பயனுடையது.

இத்தகைய வினாவை வடிவமைப்பதே ஓர் ஆய்வுத்திறன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இளநிலை மாணவருக்கென 1979இல் தொடங்கிய குறுங்கால ஆய்வுத் திட்டம் இரண்டு மாதப் பயிற்சியளிப்பது. அவ்வாறு பயின்றவரைப் படிவம் நிரப்புவோராக மட்டும் நிறுத்துவது பொருந்தாது. படிவத்தை ஆக்குவதிலும் தரவைப் பகுப்பதிலும் அவருக்குப் பங்கு வேண்டும். ஆனால் விடையளித்தவர் யார் என்பது அவருக்கும் தெரியலாகாது. அகமதிப்பெண் ஆசிரியரிடமே இருக்கும் நிலையில், பெயர் வெளிப்படும் என்னும் ஐயம் எழுந்தாலே விடைகள் பாராட்டுரைகளாகிவிடும்.