59 சதவீதம்: கீழாநெல்லிக் கட்டுரையை ஒரு ஹெபடைடிஸ் சி நோயாளி படித்தபோது

இந்தப் பதிவை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். சொந்த உடம்பு விஷயம். ஆனால் போன மாதம் ஒரே கட்டுரையின் பெயரை மூன்று வாட்ஸப் குழுக்களில் பார்த்தேன். "லான்செட்டிலேயே வந்திருக்கு, கீழாநெல்லி 59 சதவீதம் பேரைக் குணமாக்கியிருக்கு, மருந்துக் கம்பெனிகள் மறைச்சிட்டாங்க." அதே வரியை நம்பி நானும் அஞ்சு மாசத்தை ஓட்டியவன். அதனால் அந்தக் கட்டுரையை ஒழுங்காகப் படித்து, அது என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் என் கதை, சுருக்கமாக. 1997-ல் பி.இ. கடைசி வருஷம் பைக் விபத்து. தொடை எலும்பு முறிவு, ஆபரேஷன், மூன்று யூனிட் ரத்தம். அன்றைக்கு ரத்த வங்கிகள் ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பி பார்த்தன. ஹெபடைடிஸ் சி பரிசோதனை இந்தியாவில் கட்டாயமானது 2000-களின் தொடக்கத்தில்தான். 2021-ல் ஒரு ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்தேன். பத்து நாள் கழித்து போன். "சார், ஒருதடவை நேர்ல வந்துட்டுப் போங்க." முதலில் ஆன்டிபாடி, அப்புறம் ஆர்என்ஏ பிசிஆர். வைரஸ் 14 லட்சம் ஐயு, ஒரு மில்லிக்கு.

அறிகுறி என்று பார்த்தால்? அதுதான் இந்த நோயின் தந்திரமே. கண் மஞ்சளாகவில்லை. சிறுநீர் நிறம் மாறவில்லை. நாலைந்து வருஷமாக ஒரு சோர்வு மட்டும் இருந்தது. மத்தியானம் மூணு மணிக்கு மேல் கோடு படித்தால் அதே வரியை நாலு தடவை படிப்பேன். சாயங்காலம் சத்துவாச்சாரி ஃபேஸ் டூவில் வீட்டு மாடிப்படி ஏறும்போது கால் கனக்கும். வயசு, வேலை, கம்ப்யூட்டர், தூக்கம் என்று ஒவ்வொன்றின் மேலும் பழி போட்டிருந்தேன்.

ஆம்பூரில் இருக்கும் அத்தைக்கு விஷயம் தெரிந்ததும் ஒரே நாளில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். "கல்லீரல்னா மஞ்சக்காமாலைதான்டா. ஒரு மண்டலம் கீழாநெல்லி குடி, மாத்திரைலாம் அப்புறம் பாத்துக்கலாம். உங்க மாமாக்கு தோல் ஷாப்ல வேலை செய்றப்போ வந்துச்சே, எதுல போச்சி? அதுலதான் போச்சி." லாங் பஜாரில் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். பச்சையாகக் கிடைத்தால் அரைத்து மோரில், இல்லாவிட்டால் பொடி. காலையில் வெறும் வயிற்றில். ஒரு மண்டலம் மூன்று மண்டலமாகி, அஞ்சு மாசத்தைத் தாண்டிவிட்டது.

நான் அதைச் சும்மா குடிக்கவில்லை. கூகுளில் தேடி, லான்செட் கட்டுரை ஒன்று இருப்பதைப் பார்த்து, "ஆதாரம் இருக்கு" என்ற தைரியத்தில்தான் குடித்தேன். கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்திருந்தேன். தப்பு என்னுடையது.

இப்போது கட்டுரைக்கு வருவோம்.

கட்டுரை என்ன சொல்கிறது

1988 அக்டோபர், லான்செட். முதல் ஆசிரியர் எஸ்.பி. தியாகராஜன், பிற்பாடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். கூட்டு ஆசிரியர்களில் ஒருவர் பரூக் பிளம்பர்க். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976-ல் நோபல் பரிசு வாங்கியவர். ஆகவே "யாரோ நாட்டு வைத்தியர் எழுதினது" என்று தள்ளிவிட முடியாது. அப்படித் தள்ளுகிறவர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு செடிக்கு ஊரில் பேர் இருக்கிறது, அதை எடுத்துப் பொடியாக்கி, வெற்று மருந்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று கிளம்பியது சரியான அறிவியல்.

பி வைரஸை ஏந்தியவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்தார்கள். மருந்து முடிந்து 15 முதல் 20 நாள் கழித்துப் பார்த்தபோது, 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேற்புற ஆன்டிஜென் காணோம். அதுதான் அந்த 59 சதவீதம். வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே போயிருந்தது, 4 சதவீதம். சிலரை ஒன்பது மாதம் வரை கவனித்தார்கள், திரும்ப வரவில்லை. இது ஒரு முதற்கட்ட ஆய்வு என்று ஆசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். வாட்ஸப்பில் முதலில் காணாமல் போவது அந்தச் சொல்தான்.

எனக்குத் தோன்றிய கேள்விகள்

ஒன்று, 37-ம் 23-ம். இப்படிப்பட்ட சோதனையில் இரண்டு குழுவும் வழக்கமாக ஏறக்குறைய சமமாக இருக்கும். கணக்கில் சேர்ந்தவர்கள் இவ்வளவு ஏற்றத்தாழ்வாக இருந்தால், மற்றவர்கள் எங்கே, எதனால் வரவில்லை என்று முதலில் கேட்கணும். சர்வர் லாகில் பாதி வரி இல்லாவிட்டால் மீதியை வைத்து சராசரி போட மாட்டோம் இல்லையா, அது மாதிரி.

இரண்டு, முடிவின் அளவு. நாள்பட்ட பி தொற்றில் மேற்புற ஆன்டிஜென் தானாகப் போவது வருஷத்துக்கு நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான். இன்றைக்கு டெனோஃபோவிர், என்டிகாவிர் மாதிரி மாத்திரைகள் வைரஸை அடக்கும், ஆனால் இந்த ஆன்டிஜெனை முழுசாக நீக்குவது அபூர்வம். 30 நாளில் 59 சதவீதம் என்பது உண்மையானால், இன்றுவரை வந்த எல்லா பி மருந்தையும் அது தோற்கடித்திருக்கணும். அவ்வளவு பெரிய விளைவு ஒரே ஊரில், ஒரே சோதனையில் மட்டும் தெரிந்துவிட்டு மறையாது. யார் செய்தாலும் கண்ணில் படும்.

மூன்று, அதனால்தான் மற்றவர்கள் செய்து பார்த்தார்கள். "மறைச்சிட்டாங்க" என்ற பேச்சு இங்கேதான் உடைகிறது. 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்தில் செய்தார்கள், கிடைக்கவில்லை. 1994-ல் நியூசிலாந்தில் செய்தார்கள், தலைப்பிலேயே தோல்வி என்று போட்டு வெளியிட்டார்கள். மண், பருவம், செடி வகை மாறினால் சத்து மாறும் என்று ஆதரிப்பவர்கள் சொன்னார்கள். நியாயமான வாதம்தான், ஃபில்லாந்தஸ் இனத்தில் பார்க்க ஒன்றுபோல இருக்கும் செடிகள் பல. ஆனால் அந்த வாதம் உண்மையானால், லாங் பஜாரில் நான் வாங்கின பொட்டலம் எந்த வகை, எந்த மண்? வாதத்தை ஏற்றாலும் என் மோர் டம்ளர் தப்பிக்காது. 2011-ல் காக்ரேன் மதிப்பாய்வு 16 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. வெற்று மருந்தைவிட மேல் என்று நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்பதுதான் அதன் முடிவு.

நான்கு, எனக்கு ரொம்ப வெட்கமான கேள்வி. அந்தக் கட்டுரை பி-யைப் பற்றியது. எனக்கு இருந்தது சி.

பி வேறு, சி வேறு

கட்டுரை வந்தது 1988. சி வைரஸ் அடையாளம் காணப்பட்டது 1989. அதுவரைக்கும் அதற்குப் பெயரே "ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை" என்பதுதான். ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவரும் 2020-ல் நோபல் வாங்கியது இந்தத் தேடலுக்குத்தான். பெயர்கூட இல்லாத வைரஸைப் பற்றி அந்தக் கட்டுரை எப்படிப் பேசியிருக்கும்?

என் பாஷையில் சொன்னால், பி வைரஸ் செல்லின் உட்கருவுக்குள் டிஎன்ஏ-வாகத் தன்னைப் பதிந்து வைத்துக்கொள்கிறது. ஃபர்ம்வேரில் உட்கார்ந்த மால்வேர் மாதிரி. சி ஆர்என்ஏ வைரஸ், உட்கருவில் அப்படி எதையும் பதிப்பதில்லை. மெமரியில் மட்டும் ஓடுகிற ப்ராசஸ். நகலெடுப்பதை சில வாரம் முழுக்க நிறுத்திவிட்டால், பழையதெல்லாம் அழிந்து, ஆள் சுத்தம். பி-யை வழக்கமாக அடக்கி வைக்கத்தான் முடிகிறது, சி-யைக் குணப்படுத்தவே முடிகிறது. இரண்டுக்கும் "ஹெபடைடிஸ்" என்று ஒரே குடும்பப் பெயர் வைத்ததில் நம்மை மாதிரி ஆட்கள் குழம்புகிறோம்.

சி-க்கும் கீழாநெல்லிக்கும் ஒரு தொடர்பு உண்டு, அதையும் சொல்லணும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 2011-ல், கீழாநெல்லிச் சாறு சி வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது என்று காட்டினார்கள். ஆனால் அது ஆய்வகத்தில், செல்களில். டம்ளரில் குடிப்பது குடலில் எவ்வளவு ஏறும், கல்லீரலுக்கு எவ்வளவு போகும் என்பது தனிக் கேள்வி. என் மெஷினில் ஓடுது என்பதும் ப்ரொடக்‌ஷனில் ஓடுது என்பதும் ஒன்றா?

அத்தையின் ஆதாரம்

மாமாவுக்குப் போனது நிஜம். ஆனால் நம் ஊர்ப் பக்கம் கண் மஞ்சளாகி, வாந்தியோடு படுக்கிற காமாலையில் பெரும்பாலானது தண்ணீர், சாப்பாடு வழியாக வருகிற ஏ அல்லது ஈ. அவை கிட்டத்தட்ட எல்லோருக்கும் சில வாரத்தில் தானாகவே அடங்கும் (ஈ மட்டும் கர்ப்பிணிகளுக்கு ஆபத்து). அந்த நேரத்தில் எதைக் குடித்தாலும் பேர் அதற்குத்தான். உப்பில்லாக் கஞ்சிக்கும் மந்திரிப்புக்கும் கிடைத்த பேர் அப்படி வந்ததுதான். சி அப்படியில்லை. முதல் ஆறு மாசத்தில் தானாகப் போகாவிட்டால், அப்புறம் பெரும்பாலும் போகாது. சத்தமில்லாமல் இருபது, முப்பது வருஷம் கல்லீரலைத் தழும்பாக்கும்.

என் சொந்த டேட்டா

கீழாநெல்லிக்கு முன்னால்: எஸ்ஜிபிடி 96, எஸ்ஜிஓடி 78, தட்டணுக்கள் 1.68 லட்சம். அஞ்சு மாசம் கழித்து: எஸ்ஜிபிடி 58, எஸ்ஜிஓடி 60, தட்டணுக்கள் 1.61 லட்சம். 96 எங்கே, 58 எங்கே! அத்தைக்கு போன் போட்டேன். வீட்டில் கேசரி.

ராத்திரி உட்கார்ந்து ஃபிப்-4 கணக்கு போட்டேன். தழும்பின் அளவை ஊகிக்க டாக்டர்கள் பயன்படுத்தும் எளிய சூத்திரம். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கணும். தட்டணுக்களை (ஆயிரத்தில்) எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்கணும். முதலாவதை இரண்டாவதால் வகுக்கணும். 1.45-க்குக் கீழே நல்லது, 3.25-க்கு மேலே மோசம். எனக்கு வயது 45. முன்னால் 2.13. பின்னால் 2.20. எஸ்ஜிபிடி இறங்கியிருக்கிறது, ஆனால் அது சூத்திரத்தில் கீழே இருப்பதாலும், தட்டணு குறைந்ததாலும், மொத்தத்தில் ஒரு முன்னேற்றமும் இல்லை. மறுநாள் பிசிஆர் கொடுத்தேன். 14 லட்சம் 17 லட்சமாகியிருந்தது. இந்த டெஸ்டில் மூன்று மடங்குக்குள் வரும் ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக எடுக்க மாட்டார்கள். அதாவது வைரஸ் அசையவே இல்லை.

அப்போ எஸ்ஜிபிடி ஏன் இறங்கியது? சி-யில் அது தானாகவே ஏறி இறங்கும். அதோடு, அந்த அஞ்சு மாசத்தில் வார இறுதி பீரை நிறுத்தியிருந்தேன், நாலு கிலோ இளைத்திருந்தேன். ஒரே ரிலீஸில் மூன்று மாற்றம் போட்டுவிட்டு, பிடித்த மாற்றத்துக்குப் பெயரைக் கொடுத்தேன். ஆபீஸில் ஜூனியர் பையன் இப்படிச் செய்திருந்தால் அரைமணி நேரம் பாடம் எடுத்திருப்பேன்.

பிறகு

2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் அனுமதி பெற்றபோது 12 வாரத்துக்கு விலை 84,000 டாலர், மாத்திரை ஒன்று ஆயிரம் டாலர். 2015 மார்ச்சில் ஹைதராபாத் நாட்கோ 28 மாத்திரை பாட்டிலை 19,900 ரூபாய்க்கு விட்டது. அதே வருஷம் ஆஸ்திரேலியாவிலிருந்து கிரெக் ஜெஃப்ரிஸ் என்ற நோயாளி அந்த மருந்துக்காகவே சென்னைக்கு வந்து வாங்கிப்போனார். 2018 ஜூலை 28-ல் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, மருந்தே இலவசமானது. கம்பெனிகள் விலையில் ஆடிய ஆட்டத்தைப் பற்றிக் கோபப்பட நிறைய இருக்கிறது, தனிப்பதிவு எழுதணும். ஆனால் ஒருத்தன் கண்டம் தாண்டி வந்து வாங்கின மாத்திரை எனக்கு பஸ் தூரத்தில் சும்மா கிடைக்கும்போது, அந்தக் கோபத்தைக் காரணம் காட்டி நான் மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

2022-ல் அரசு மையத்தில் பதிந்தேன். முதலில் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தால், சி போகும்போது பி கிளம்பும் வாய்ப்பு உண்டாம். அப்புறம் சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராம், டக்லாட்டாஸ்விர் 60 மில்லிகிராம், தினம் ஒருவேளை, 12 வாரம். முதல் இரண்டு வாரம் தலைவலி, அவ்வளவுதான். மருந்து முடிந்து 12 வாரம் கழித்து பிசிஆர்: வைரஸ் இல்லை. சோர்வு முழுசாகப் போகவில்லை, பாதி போச்சு. மீதி நிஜமாகவே வயசு போல. ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்துகொண்டே இருக்கும் என்பதால் இனிமேல் ரத்ததானம் செய்ய முடியாது. அது ஒரு சின்ன வருத்தம்.

அஞ்சு மாச தாமதத்தில் என் கல்லீரலுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. எனக்கு அதிர்ஷ்டம். தழும்பு முற்றிய ஒருவருக்கு அதே அஞ்சு மாசம் வயிற்றில் நீர் கட்டுவதில் போய் முடியலாம். 1988 கட்டுரையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது ஒரு கேள்வியைக் கேட்டது, மற்றவர்கள் பதில் சொன்னார்கள். கேள்வியை மட்டும் ஃபார்வர்ட் செய்து, பதிலை விட்டுவிடுகிற நம் பழக்கத்தின் மேல்தான் கோபம்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் 2002-க்கு முன்னால் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்கிறவர்கள், கிளினிக்குகளில் ஒரே ஊசியைப் பலருக்குப் போட்ட காலத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள், ஒரே ஒருதடவை ஆன்டி-ஹெச்சிவி டெஸ்ட் எடுத்துப் பாருங்க. மாமாவுக்கும் சொல்லியிருக்கிறேன், அவருக்கும் 1990-களில் ஒரு ஆபரேஷன் நடந்தது. அடுத்த வாரம் ஆம்பூருக்குப் போய் நானே கூட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. அத்தையும் வருகிறார்கள்.