'சைபர்' சரி, 'பங்க்' எங்கே?

தமிழில் அறிவியல் புனைகதை எழுத வரும் இளைஞர்களின் கையில் இன்று ஒரு பட்டியல் இருக்கிறது. சைபர்பங்க், ஸ்டீம்பங்க், பயோபங்க், சோலார்பங்க், சில்க்பங்க் என்று நீள்கிறது அது. கதை எழுதி முடிப்பதற்குள்ளேயே அது எந்தத் தட்டில் உட்காரும் என்பது முடிவாகிவிடுகிறது. மூத்த எழுத்தாளர்கள் சிலருக்கு இது எரிச்சலாக இருக்கிறது. "லேபிள் ஒட்டறது கடைக்காரன் வேலை. கதை நல்லா இருக்கா இல்லையா, அதைச் சொல்லு" என்கிறார்கள். இரண்டு தரப்போடும் எனக்கு உடன்பாடில்லை. 'நல்ல கதை' என்பதும் ஒரு லேபிள்தான். ஒட்டிய கை எதுவென்று தெரியாதபடி ஒட்டப்பட்டது என்பதால் அது இன்னும் ஆபத்தானது. வகைப்பெயர் தேவையா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. அந்தப் பெயர் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது, யார் கையில் இருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

சைபர்பங்க் என்ற பெயரின் வரலாறு சிறியது. 1983இல் புரூஸ் பெத்கே தன் சிறுகதை ஒன்றுக்கு அதைத் தலைப்பாக வைத்தார். அடுத்த ஆண்டே கார்டனர் டோசுவா என்ற இதழாசிரியர் அதை ஓர் எழுத்தாளர் குழுவின் மேல் ஒட்டினார். வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்சர்' நாவல் வந்ததும் அதே 1984இல்தான். 1986இல் புரூஸ் ஸ்டெர்லிங் 'மிரர்ஷேட்ஸ்' தொகுப்புக்கு எழுதிய முன்னுரை ஓர் இயக்க அறிக்கை மாதிரி இருந்தது. 1988இல் மைக் பாண்ட்ஸ்மித் அதைப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டாக்கினார். 1991இல் அந்தக் குழுவைச் சேர்ந்த லூயிஸ் ஷைனர், தான் இனி சைபர்பங்க் எழுத்தாளன் அல்ல என்று நாளிதழில் எழுதி வெளியேறினார். அதே 1991இல் ஃபிரெட்ரிக் ஜேம்சன், பின்நவீனத்துவம் பற்றிய தன் நூலின் அடிக்குறிப்பு ஒன்றில், பிற்கால முதலாளியத்தின் உச்ச இலக்கிய வெளிப்பாடு இதுவே என்கிறார். இதற்கென்று ஓர் அத்தியாயம் எழுதாமல் போனதற்காக வருந்துகிறார். எழுதியவன் கழற்றி எறிந்த பெயரை வாசிப்பவன் எடுத்துக்கொள்கிறான். எழுதுபவனுக்கு விலங்காகிப்போன ஒன்று வாசிப்பவனுக்குக் கருவியாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அந்தச் சொல்லின் இரண்டு பாதிகளையும் பிரித்துப் பார்க்கலாம். 'சைபர்' பாதி, சுக்கான் பிடிப்பவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1948இல் நார்பர்ட் வீனர் அதை எடுத்து, கட்டுப்பாடும் தகவலும் பற்றிய தன் துறைக்குப் பெயராக வைத்தார். ஆக, அது அதிகாரத்தின் பாதி. 'பங்க்' பாதி, நம்ம ஊர்ப் பேச்சில் 'பொறுக்கி'க்குப் பக்கத்தில் வரும் வசை. 1970களில் அந்த வசையையே தங்கள் இசைக்கும் தலைமுடிக்கும் பெயராகச் சூடிக்கொண்டது ஓர் இளைஞர் கூட்டம். கட்டுப்பாட்டு எந்திரமும் அதன் சக்கரத்தில் மாட்டிய பொறுக்கியும் ஒரே சொல்லில் ஒட்டிக்கிடப்பதுதான் இந்தப் பெயரின் பலம். தமிழில் நாம் வைத்திருக்கும் 'விஞ்ஞானக் கதை', 'அறிவியல் புனைகதை' என்ற பெயர்களில் கருவிக்கு மட்டும்தான் இடம். பொறுக்கிக்கு இல்லை.

இது வெறும் சொல் விவகாரம் இல்லை. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை எடுத்துக்கொள்வோம். 'விஞ்ஞானக் கதை' என்று படித்தவர்களுக்கு நினைவில் நிற்பது ஜீனோ என்ற இயந்திர நாய். புத்தகம் படிக்கும், குத்தலாகப் பேசும். இதே பிரதியைச் சைபர்பங்க் என்ற கண்ணாடி வழியே பாருங்கள், நாய் கொஞ்சம் பின்னுக்குப் போகிறது. பிள்ளை பெற அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டிய ஒரு பெண், காணாமல் போகும் அவள் கணவன், ஜீவா என்ற சர்வாதிகாரி ஆகியோர் முன்னுக்கு வருகிறார்கள். அந்த ஜீவாவும் கடைசியில் ஆளே இல்லை, ஒளியால் ஆன வெறும் பிம்பம். உடலற்ற அதிகாரம் மனித உடல்களை ஆள்கிறது. ஜனரஞ்சகப் பத்திரிகையின் தொடர்கதைக்குள் இப்படி ஓர் அரசியல் கிடந்திருக்கிறது. 'அது சும்மா ரோபோ கதைப்பா' என்று சிறுபத்திரிகைக்காரர்கள் நாமும் அதைத் தாண்டிப் போய்விட்டோம்.

அதே கண்ணாடி இன்னொன்றையும் காட்டுகிறது. கிப்சனிடம் அரசு மங்கி, கம்பெனிகள் அதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டன. அதே பத்தாண்டில் எழுதிய சுஜாதாவிடம் எல்லாமே அரசுதான். லைசென்ஸ் ராஜ்யத்தில், பெங்களூரில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவரின் கற்பனைக்கு அந்த எல்லை இயல்பு. ஆனால் என் வாசிப்பில் பெரிய இடைவெளி வேறு. அந்த எதிர்காலத்தில் தெரு இல்லை, சேரி இல்லை, சாதி இல்லை. 'சைபர்' இருக்கிறது, 'பங்க்' இல்லை. வகைப்பெயரின் உபயோகம் இதுதான்: பிரதியில் இருப்பதை மட்டுமல்லாமல், இல்லாததையும் அது கேட்க வைக்கிறது.

அடையாற்றில் மத்திய கைலாஷிலிருந்து தெற்கே பிரியும் சாலையில் போனால் அந்த இல்லாதது தெரியும். டைடல் பார்க் திறக்கப்பட்டது 2000இல். அதே ஆண்டுவாக்கில்தான் அதே சாலையில், ஒக்கியம் துரைப்பாக்கத்தில், நகரத்துக் குடிசைவாசிகளைக் கொண்டுபோய் இறக்கிய கண்ணகி நகர் உருவாகிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. கண்ணாடிக் கட்டடங்களைத் துடைக்கப் போகிற பெண்கள் பலர் கண்ணகி நகர்க்காரர்கள். தி.நகரில் பாண்டி பஜார் நடைபாதைக் கடைக்காரர்களை 2013இல் மாநகராட்சிக் கட்டடத்துக்குள் அனுப்பினார்கள். 2019இல் 'ஸ்மார்ட் சிட்டி' பெயரில் அங்கே அகலமான நடைபாதை வளாகம் வந்தது. 2020 ஆகஸ்டில் சென்னையில் ஸ்விகி ஊழியர்கள் ஊதியக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களோடு வாதாட எதிரே ஒரு மேஸ்திரி இல்லை. செல்போன் திரையில் மாறும் எண்தான் முதலாளி. ஜீவா மாதிரியே, பிம்பம். இதை எழுதுகிறவரிடம் நாம் 'யதார்த்தக் கதை' என்போம்; ரோபோ வந்தால் மட்டும் 'அறிவியல் கதை' என்போம். இந்தப் பிரிவினையால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

இப்படிச் சொல்வதால் பெயர்ப் பட்டியல் முழுவதையும் ஏற்றுக்கொள்கிறேன் என்று ஆகிவிடாது. ஸ்டீம்பங்க் என்பதை 1987இல் கே.டபிள்யூ. ஜீட்டர் அரைக் கேலியாகத்தான் சொன்னார். பிறகு 'பங்க்' என்பது பகுதியாக இல்லாமல் வெறும் விகுதியாகிவிட்டது; எதற்குப் பின்னாலும் ஒட்டும். விளையாட்டுகளில் இது இன்னும் அப்பட்டம். பாண்ட்ஸ்மித்தின் ஆட்டத்திலிருந்து பிறந்த 'சைபர்பங்க் 2077' 2020 டிசம்பரில் வந்தது. கம்பெனிகளுக்கு எதிரான கலகம்தான் அதன் விற்பனைச் சரக்கு. அதை முடிப்பதற்காகப் போலந்து நிறுவனமான சிடி புரொஜெக்ட், தன் ஊழியர்களை வாரம் ஆறு நாள் வேலைக்கு வரச் சொன்னது. அப்படிக் கட்டாயப்படுத்த மாட்டோம் என்று அதற்கு முந்தைய ஆண்டு சொன்னதும் அதே நிறுவனம்தான். அந்த டிசம்பருக்குள்ளேயே 1.3 கோடிப் பிரதிகள் விற்றன. ஆட்டத்துக்குள் கலகம், ஆட்டம் செய்யும் அறைக்குள் கங்காணி வேலை. பெயர் சந்தையின் கையில் சிக்கினால் இதுதான் நடக்கும்.

'தலித் இலக்கியம்' என்ற பெயர் தமிழில் 1990களில், அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி, வேரூன்றியபோதும் "இலக்கியத்துக்கு எதுக்கு அடைமொழி?" என்று இதே ஆட்கள்தான் கேட்டார்கள். அந்தப் பெயர் கடைத்தட்டிலிருந்து வரவில்லை, இயக்கத்திலிருந்து வந்தது. யார் பேசலாம் என்பதையே அது மாற்றியது. சைபர்பங்க்கை அதற்குச் சமமாக வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆனால் ஓர் அளவுகோலை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்: பெயர் வந்த பிறகு, முன்பு கதைக்குள் வர முடியாத யாராவது வந்தார்களா?

அப்படி யாரும் வரவில்லையென்றால் நியான் விளக்கும் மழைத் தெருவும் வெறும் செட்டுதான். 'சைபர்' என்று மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், நேர்மையாக இருக்கும். வந்துவிட்டார்கள் என்றால், பெயர் சைபர்பங்க்காக இருந்தாலும் சரி, பெரும்பாக்கத்து மாடிக் குடியிருப்பிலிருந்து எழுதும் ஒரு பிள்ளை நாளைக்கு வைக்கப்போகும் வேறு பெயராக இருந்தாலும் சரி, அதை விவாதிக்க நமக்குப் பக்கங்கள் இருக்க வேண்டும்.