ஆழ்மனத்தைத் திறந்துவிட்டுப் போகிறவர்கள்

“யுங் சொன்னதும் ரமணர் சொன்னதும் ஒன்றுதான்” என்று சுவிஸ் உளவியலாளரையும் திருவண்ணாமலை ஞானியையும் சேர்த்துப் பேசுவது எங்கள் வட்டாரத்தில் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், மாசாயிலும் பாசிர் கூடாங்கிலும் வார இறுதியில் நடக்கும் ஆழ்மன வகுப்புகளைப் பற்றி யாராவது கேள்வி கேட்டால் வரும் முதல் பதில் இதுதான். காலையில் மனத்தில் ஒளித்துவைத்த ‘நிழலை’ச் சந்திப்பது, மத்தியானம் உள்ளிருக்கும் குழந்தையைத் தேற்றுவது, சாயங்காலம் கர்ப்பகால நினைவும் முற்பிறவிப் பதிவும், முடிவில் ‘நான் யார்’ தியானம். எல்லாம் ஒரே நாளில், ஒரே மண்டபத்தில்.

இவற்றால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வீட்டில் வாய் திறக்காத ஆண்கள் அங்கே பேசுகிறார்கள். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குக் கிளம்பி, இருட்டிய பிறகு தாமான் வீட்டுக்குத் திரும்புகிறவர்களிடம் ‘உனக்கு என்னப்பா கஷ்டம்?’ என்று தமிழில் கேட்க ஓர் ஆள் கிடைப்பதே பெரிது. மனநல மருத்துவமனை இருக்கும் தம்போய் என்ற பேரைச் சொன்னாலே பைத்தியம் என்று முத்திரை குத்தும் ஊர் இது. இங்கே மனத்தைப் பற்றிப் பேச மண்டபம் நிறைய ஆள் வருவது நல்ல மாற்றம்தான். உளவியலும் ஆன்மிகமும் சேரவே கூடாது என்பதும் என் கட்சி அல்ல. இலங்கை மானுடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1981இல் வெளியிட்ட நூலில், கதிர்காமத்துச் சடைமுடிப் பெண்களின் வாழ்க்கையைப் பொறுமையாகக் கேட்டு எழுதினார். குடும்பத் துயரமும் குற்ற உணர்வும் சடையாகவும் சாமியாட்டமாகவும் உருவெடுத்து, அந்தப் பெண்களுக்கு ஊரில் ஓர் இடத்தைத் தந்த விதத்தை அதில் காட்டினார். உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃபிராய்டைப் படித்தவர், பக்தியைக் கேவலப்படுத்தாமல் அதைச் செய்தார்.

ஆனால் யுங்கும் ரமணரும் ஒன்று என்பது உண்மை இல்லை. இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழாவுக்காக 1937 கடைசியில் யுங் இந்தியா வந்தார். சென்னைக்கும் வந்தார், திருவண்ணாமலைக்குப் போகவில்லை. மகான்கள் எனப்பட்டவர்களை வேண்டுமென்றேதான் தவிர்த்ததாகத் தன்வரலாற்றில் அவரே சொல்கிறார். ரமணரைப் பற்றி இந்தியவியலாளர் ஹைன்ரிஷ் சிம்மர் எழுதிய நூலுக்கு 1944இல் முன்னுரை எழுதியபோதும், மதிப்போடு விலகியே நின்றார். ‘நான்’ அழிந்த பிறகும் விழிப்பு மிஞ்சும் என்பதை ஏற்க அவரால் முடியவில்லை. மறுபக்கம், அடியார் சிவப்பிரகாசம் பிள்ளையின் கேள்விகளிலிருந்து உருவான ‘நான் யார்?’ நூலில் ரமணர் சொல்வது தெளிவானது: கூட்டித் தள்ள வேண்டிய குப்பையை ஆராய்ந்து பயனில்லை. யுங்கின் வாழ்நாள் வேலையே அந்தக் குப்பையைக் கிளறிப் பிரித்துப் பார்ப்பது. ஒருவர் கிளறு என்கிறார், மற்றவர் கூட்டித் தள்ளு என்கிறார். ஒரே பகலில் இரண்டையும் செய்யச் சொல்கிறவர் இருவரையும் ஊன்றிப் படிக்கவில்லை.

இதையாவது தத்துவம் படித்தவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். என் நெடுநாள் மனத்தாங்கல் வேறு. இந்த இரண்டு வழிகளுக்கும் அதனதன் கடிவாளம் இருந்தது. கலவை வகுப்பு இரண்டு கடிவாளத்தையும் கழற்றிவிட்டது.

ஃபிராய்டு 1910இல் ‘காட்டுத்தனமான’ உளப்பகுப்பாய்வைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதினார். மணமுறிவுக்குப் பின் பதற்றத்தில் இருந்த ஒரு பெண்ணிடம், ஓர் இளம் மருத்துவர் எடுத்த எடுப்பில் அவளுடைய ஆழ்மன ரகசியம் இன்னதென்று போட்டு உடைத்துவிட்டார். அவள் பதற்றம் அதிகமானதுதான் மிச்சம். நோயாளி தானாக அந்த விஷயத்தின் பக்கத்தில் வந்து சேர வேண்டும். மருத்துவர் மேல் பிடிப்பு உண்டாகியிருக்க வேண்டும். அதற்கு முன் வாய் திறக்காதே என்றார் ஃபிராய்டு. பகுப்பாய்வு செய்கிறவர் முதலில் தன்னையே இன்னொருவரிடம் பகுப்பாய்வுக்கு ஒப்படைக்க வேண்டும் என்ற விதியும் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது. அதை வற்புறுத்தியவர்களில் யுங் முக்கியமானவர். ரமணர் பக்கத்துக் கடிவாளம் இன்னும் எளிமையானது. 1896இல் திருவண்ணாமலைக்கு வந்தவர் 1950இல் மறையும்வரை அங்கேயே இருந்தார். கட்டணம் கிடையாது. இன்று அழுதுவிட்டுப் போனவன் நாளைக்கு வந்தாலும் அவர் இருப்பார்.

நான் பார்த்த ஒரு வகுப்பில் விளக்கை மங்கலாக்கிவிட்டுக் கண்ணை மூடச் சொன்னார்கள். தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்து நேராக வந்த ஒரு பெண், தூக்கக் கலக்கத்தோடு பாயில் படுத்திருந்தார். நடத்துகிறவர் காதில் மைக்கை மாட்டிக்கொண்டு வரிசையாக வந்தார். இந்தப் பெண்ணிடம் குனிந்து, “உங்கம்மா உங்களை வயித்துல வேணாம்னு நினைச்சாங்க, அந்த வலிதான் இது” என்றார். அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதார். பக்கத்தில் ஒரு பெட்டி டிஷ்யூவை வைத்துவிட்டு அவர் அடுத்த பாய்க்குப் போய்விட்டார். பல வாரம் அந்தப் பெண் தன் தாயோடு பேசவில்லை. தாய் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். என்ன குற்றம் செய்தோம் என்றே அவருக்குத் தெரியாது. தூக்கம் வரவில்லை என்று மகள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். ‘எதிர்ப்பு கரைகிறது, இரண்டாம் நிலைக்கு வாருங்கள்’ என்று பதில் வந்தது.

மூன்று வயதுக்கு முந்திய சம்பவமே பெரியவர்களுக்குப் பெரும்பாலும் நினைவில் நிற்பதில்லை. கருப்பையில் கேட்டதை நினைவுகூர்வது எப்படி? நினைவை விதைக்க முடியும் என்பதோ ஆய்வில் நிறுவப்பட்டது. உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995இல் வெளியிட்ட ஆய்வில் 24 பேரிடம், சிறுவயதில் கடைத்தொகுதியில் தொலைந்துபோனீர்கள் என்று நடக்காத கதை ஒன்று சொல்லப்பட்டது. கால்வாசிப் பேர் அதை முழுதாகவோ ஓரளவோ தங்கள் நினைவாகவே ஏற்றுக்கொண்டார்கள். கண்ணை மூடி, களைத்துப்போய், நம்பிக்கையோடு படுத்திருக்கும் ஒருவர் மனத்தில் விதைப்பது இதைவிடச் சுலபம். அழுதால் ஆழம் தொட்டது என்கிறார்கள், அழாவிட்டால் எதிர்ப்பு என்கிறார்கள். தாங்கள் தவறியிருக்கலாம் என்பதற்கு அங்கே இடமே இல்லை.

எங்கள் கோயில்களில் சாமி வந்து ஆடுகிறவரைப் பாருங்கள். அவர் தள்ளாடினால் பிடிக்க இரண்டு பேர் நிற்பார்கள். பூசாரி விபூதி போட்டு இறக்குவார், தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பார்கள், வீடுவரை கொண்டுபோய் விடுவார்கள். ஏற்றத் தெரிந்தவனுக்கு இறக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். இந்த நாட்டுத் தைப்பூசத்தை ஆராய்ந்து 1984இல் எழுதிய கொலீன் வார்டு என்ற உளவியலாளரும், சடங்குக்குள் ஊரார் சூழ வரும் ஆவேசத்தை, ஆள் தனியாகக் கிடந்து படும் ஆவேசத்திலிருந்து பிரித்தே பார்த்தார். படிப்பில்லாத மூடநம்பிக்கை என்று அந்தப் பூசாரியை இளக்காரம் செய்கிறவர்கள்தான், இறக்கத் தெரியாமல் ஏற்றிவிட்டுக் கட்டணமும் வாங்குகிறார்கள்.

படிப்பு என்ன என்று கேட்டால், “இது வைத்தியம் இல்லை, ஆன்மிகம்” என்பார்கள். ஆன்மிகம் என்றால் காசு எதற்கு, குரு யார் என்று கேட்டால், “இது சயன்ஸ்” என்பார்கள். மலேசியாவில் ஆலோசகராகத் தொழில் செய்ய, 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலோசகர் வாரியத்தில் பதிவு வேண்டும், தொழில் சான்றிதழ் வேண்டும். ‘ஹீலர்’, ‘கோச்’ என்று பேரை மாற்றிக்கொண்டு அந்தப் பதிவுக்கு வெளியே நிற்கிறார்கள். இதை அறியாமை என்று நான் ஏற்கத் தயாரில்லை. இது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்கென்றே செய்துகொண்ட ஏற்பாடு.

கோயில் நிர்வாகத்தினரும் மண்டபப் பொறுப்பாளர்களும் வாடகை ரசீது எழுதுமுன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: உங்கள் பதிவு எண் என்ன? திங்கட்கிழமை யாராவது உடைந்துபோய்க் கூப்பிட்டால் போனை எடுப்பது யார்? பதில் வராவிட்டால் மண்டபத்தைக் கொடுக்காதீர்கள். வகுப்புக்குப் போய்வந்து தூக்கம் கெட்டவர்கள் இரண்டாம் நிலைக்குப் பணம் கட்ட வேண்டாம். அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளி; தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அவர்களே அனுப்பிவைப்பார்கள்.