கழற்றுகிற கை

கேம்பர் வேன் என்றால் எல்லோரும் காட்டுவது வேலை முடிந்த வண்டியை. மடக்குக் கட்டில், சின்ன அடுப்பு, ஜன்னலோரம் ஒரு மஞ்சள் விளக்கு. எனக்கு அதைவிடப் பிடித்தது அதற்கு முந்தைய கட்டம். சீட்டு, மேட், கூரை ரெக்ஸின் எல்லாம் போய், வெறும் தகரமாக ஒரு வேன் நிற்கிறதே, அந்தக் கட்டம். வண்டியைச் சேதமில்லாமல் அந்த நிலைக்குக் கொண்டுவருவது ஒரு கலை. மேலே பலகை அடித்துவிட்டால் பிறகு அதை யாரும் பார்க்கப்போவதில்லை என்பதாலேயே, பார்க்கக் கிடைக்கும்போது நின்று ரசிக்கிறேன்.

இந்தக் கைவேலையை ரசிக்க ஓசூரைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரியவில்லை. 1970களில் சிப்காட் வந்தது. பிறகு அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் வந்தன. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று மூன்று அளவிலும் பூட்டிப் பழகிய ஊர் இது. ஒரு போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று மணிக்கட்டிலேயே தெரிந்தவர்கள் தெருவுக்கு நான்கு பேர் இருப்பார்கள். பூட்டத் தெரிந்த கைக்குத்தான் கழற்றவும் தெரியும். டிங்கரிங் பட்டறைகளில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே வாக்கியத்துக்குள் வந்து போகும். ஸ்பேனர் கேட்பதற்கு எந்த மொழியும் போதும்.

வண்டிகளுக்கும் பஞ்சமில்லை. தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை, சூளகிரி, கிருஷ்ணகிரி என்று எல்லாத் திசையிலிருந்தும் ஷிப்டுக்கு ஆள் ஏற்றி வரும் கம்பெனி வேன்கள் இங்கே இரவு பகலாக ஓடுகின்றன. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதற்கப்புறம் எலக்ட்ரானிக் சிட்டி. அங்கே ஐ.டி. ஆட்களைச் சுமந்து களைத்த வேன்களும் கடைசியில் விலைக்கு வரும். பெரும்பாலும் டிராவலர்தான். காசு குறைவென்றால் ஆம்னி. 1984இல் வந்து 2019இல் நின்றுபோன அந்த 796 சி.சி. வண்டியில் ஒரு மெத்தை போடலாம், அவ்வளவுதான். கழற்றும் கலைக்குத் தீனி டிராவலரில்தான் இருக்கிறது.

டிராவலரின் பூர்வீகம் தெரிந்தால் இந்த வேலையின் அழகு இன்னும் கூடும். 1977இல் மெர்சிடிஸ் பென்ஸ் ஜெர்மனியில் கொண்டுவந்த டி1 வேனின் வடிவத்தை உரிமம் வாங்கி, பஜாஜ் டெம்போ 1987இல் இங்கே டெம்போ டிராவலராக விட்டது. அந்தக் கம்பெனிதான் இன்றைய ஃபோர்ஸ். ஐரோப்பாவில் அதே டி1ஐ வாங்கி வீடாக மாற்றிக்கொண்டவர்கள் ஏராளம். 1951லேயே ஃபோக்ஸ்வேகன் வேனுக்குள் படுக்கைப் பெட்டி வைத்துக் கொடுத்த வெஸ்ட்ஃபாலியா கம்பெனியும் ஜெர்மனியுடையதுதான். சரக்கு ஏற்றவும் ஆள் ஏற்றவும் படுத்துத் தூங்கவும் ஒரே கூட்டைத்தான் வரைந்தார்கள். நாம் அதில் வரிசையாக சீட்டைப் போட்டு ஷிப்டுக்கு விட்டோம். சீட்டைக் கழற்றியதும் வெளியே வருவது அந்தப் பழைய கூடு.

கழற்றுவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயர். அப்புறம் சீட்டு. சீட்டு போல்ட் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கும். நட்டு வண்டியின் அடிவயிற்றில், சேறும் துருவும் அப்பி, நட்டு என்றே அடையாளம் தெரியாமல் கிடக்கும். அவசரக்காரன் கிரைண்டரை எடுத்து அறுத்துத் தள்ளிவிடுவான். நல்ல மேஸ்திரி முதல் நாள் மாலையே வயர் பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, துரு எண்ணெய் விட்டு, அப்படியே ஊற விட்டுப் போவார். மறுநாள் ஒரு பையன் உள்ளே போல்ட்டின் தலையைப் பிடிக்க, இவர் கீழே மல்லாந்து படுத்து ரிங் ஸ்பேனரைப் போடுவார். "தம்பி, பிடிச்சுக்கோ. முதல்ல இறுக்கணும், அப்புறம்தான் கழட்டணும்." இந்த ஒரு நுணுக்கத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. நட்டை எதிர்த்திசையில் ஒரு மயிரிழை இறுக்கும்போது மரைக்குள் கெட்டித்துப்போன துரு 'டிக்' என்று உடைகிறது. அந்தச் சத்தம் கேட்ட பிறகு திருப்பினால் நட்டு மறுப்பில்லாமல் வந்துவிடும். போல்ட்டும் பிழைக்கும், தரைத் தகரமும் பிழைக்கும்.

அடுத்தது பக்கவாட்டு டிரிம்மும் கூரை ரெக்ஸினும். இதில் ஊரின் தட்பவெப்பம் குறுக்கே வரும். ஓசூர் கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் அளவில் இருக்கும் ஊர். மார்கழிக் காலையில் பிளாஸ்டிக் கிளிப் விறைத்துக் கிடக்கும். நெம்பினால் ஒடியும். வெயில் ஏறி வண்டியின் தகரம் சூடான பிறகு கை வைத்தால் அதே கிளிப் வளைந்து கொடுத்துக் கழன்றுவிடும். அதுவரை மேஸ்திரி டீ குடித்தபடி வயர்களுக்குப் பெயர் எழுதுவார். மாஸ்கிங் டேப்பில் 'இடது பின் லைட்', 'கேபின் ஃபேன்', 'ஹாரன் இல்லை' என்று. அந்த 'இல்லை'யில் எவ்வளவு அக்கறை! நாளைக்கு எலக்ட்ரீசியன் எதையெல்லாம் குழப்பிக்கொள்வார் என்று இவர் இன்றைக்கே யோசித்துவிட்டார்.

டிரிம்முக்குப் பின்னால் வண்டியின் பழைய வாழ்க்கை சேர்ந்து கிடக்கும். ஹேர்பின், ஒரு ரூபாய்க் காசு, காய்ந்து நாராகிப்போன பூச்சரம், கேண்டீன் டோக்கன், கழுத்துப் பட்டையோடு ஒரு அடையாள அட்டை. முதல் ஷிப்டுக்கு இருட்டோடு கிளம்பி, ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிய பெண்களின் சாமான்கள். அட்டையை மட்டும் தனியே எடுத்து வைத்து, கம்பெனி கேட்டில் கொடுத்துவிடச் சொல்கிற பட்டறையை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

தரை கடைசி. மேட்டை உரித்து, ஈரம் குடித்து உப்பிய பிளைவுட்டைத் தூக்கினால் உண்மை தெரிந்துவிடும். சக்கர வளைவின் ஓரம், படிக்கட்டு, பின் கதவின் அடி ஆகிய மூன்றிலும்தான் துரு முதலில் குடியேறும். மேஸ்திரி ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் ஒவ்வோர் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல தகரம் வெண்கலப் பானை மாதிரி கணீர் என்னும். பட்டி வைத்து மூடிய இடம் மந்தமாக 'தொப்' என்று சொல்லும். கண்ணுக்கு இரண்டும் ஒரே பெயின்ட்தான். விற்றவர் சொன்ன கதையை அந்தத் தட்டல் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறது.

எதைக் கழற்றக் கூடாது என்று தெரிந்திருப்பதில்தான் மேஸ்திரியின் தேர்ச்சி முழுதாகத் தெரியும் என்பேன். டிராவலரின் பாடி லாரி போலத் தனிச் சேஸிஸின்மேல் வைத்த பெட்டி இல்லை. பாடியே பாரம் தாங்குகிறது. கூரையின் குறுக்கு வளைவுகளும் ஜன்னல் தூண்களும் அலங்காரமில்லை. இன்னும் இரண்டு அங்குல உயரம் கிடைக்குமே என்று கூரை வளைவை அறுக்கச் சொல்கிற உரிமையாளரிடம் "முடியாது" என்று சொல்லும் மேஸ்திரி பெரிய கலைஞர். சீட்டு போல்ட் இருந்த துளைகள் எல்லாவற்றையும் அவர் அடைத்துவிட மாட்டார். அந்த இடங்கள் ஆட்களின் எடைக்காக ஏற்கெனவே பலப்படுத்தப்பட்டவை. கட்டில் சட்டத்தை அங்கேயே பூட்டினால் தரையில் புதுத் துளை எதுவும் போட வேண்டியதில்லை.

சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆர்.சி.யில் எழுதிய சீட்டு எண்ணிக்கையையும் பாடி வகையையும் நாமாக மாற்றிவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 2021 ஆகஸ்டில் கண்ணூரில் ஒரு டிராவலர் கேம்பரை மோட்டார் வாகனத் துறை பிடித்ததும் இப்படிப்பட்ட மாற்றங்களுக்காகத்தான். கர்நாடக நம்பர் வண்டியென்றால் என்.ஓ.சி.யும் வாங்க வேண்டும். எனவே ஸ்பேனருக்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகம்.

மறுபடி பட்டறைக்கு. துருவை அகற்றும்போது கிரைண்டரிலிருந்து பறக்கும் பொறி கண்ணாடியில் பட்டால் உருகிப் பதிந்துவிடும், பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அதனால் ஜன்னல்கள்மேல் ஈரச் சாக்கு தொங்கும். தேய்த்த இடத்தில் அன்றைக்கே ரெட் ஆக்சைடு ஏற வேண்டும். ராத்திரிப் பனி விழ விட்டால் மறுநாள் மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.

எல்லாம் முடிந்த பிறகு வருகிற சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பையன் வெளியே ஹோஸ் பைப்பைக் கூரையில் பிடிக்க, மேஸ்திரி கையில் சாக்பீஸுடன் வெறும் வண்டிக்குள் உட்கார்ந்துகொள்வார். ஜன்னல் பீடிங்கிலோ கூரை இணைப்பிலோ ஒரு சொட்டு எட்டிப் பார்த்தால் உடனே அதைச் சுற்றி ஒரு வட்டம். பலகை அடித்த பிறகு ஒழுகினால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அத்தனையையும் பிரிக்க வேண்டிவரும். அந்த வட்டங்கள் எல்லாம் சீலன்ட் வைத்து அடைபட்டு, இரண்டாம் முறை தண்ணீர் அடித்தும் புது வட்டம் எதுவும் விழவில்லையென்றால், தச்சருக்கு போன் போடலாம்.