புதையல் நோக்கும் கடலடி மரபுரிமையும்

ஆதர் சி. கிளாக் 1964இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே ‘புதையல்’ என்ற சொல் முன்னிற்கிறது. இலங்கையின் தென்கிழக்குக் கரைக்கப்பால், கிரேட் பாசஸ் கற்பாரிலே, மைக் வில்சனும் சிறுவர் இருவரும் 1961இற் கண்ட கப்பற் சிதைவே அந்நூலின் பொருள். சூரத்தில் அடிக்கப்பட்ட மொகலாய வெள்ளி நாணயங்கள், அவற்றைப் பொதிந்திருந்த பைகளின் வடிவம் குலையாது, கட்டிகட்டியாக அங்கு கிடந்தன. 1963இல் தொல்பொருளியலாளர் பீற்றர் துறொக்மோட்டனும் அவ்விடத்தை ஆராய்ந்தார் என்பது மறைக்கற்பாலதன்று. எனினும் நூலின் உயிர் வெள்ளியிலேயே தங்கியுள்ளது. வாசகர் நெஞ்சில் நிற்பதும் அதுவே.

இதற்கு ஐந்தாண்டுகளின் முன்னர், 1956இல், கிளாக்கும் வில்சனும் திருகோணமலைச் சுவாமி மலையின் அடிவாரக் கடலிற் சுழியோடியிருந்தனர். அங்கே வெள்ளி இல்லை. தூண்களும் செதுக்கிய கற்களுமே இருந்தன. சந்தையில் விலைபோகாத இக்கற்களே கடலடி மரபுரிமை யாது என்ற வினாவை மிகக் கூர்மையாக எழுப்புகின்றன.

1620களின் தொடக்கத்திற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலை இடிப்பித்தான். கற்களில் ஒரு பகுதி கடலுள் வீழ்ந்தது; இன்னொரு பகுதி கோட்டைச் சுவராயிற்று. அக்கோட்டையின் வாயிலில் தமிழ்க் கல்வெட்டும் இணைக்கயலும் இன்றும் காணப்படுகின்றன. 1950இல் நகரிற் கிணறு வெட்டியபோது வெளிப்பட்ட திருமேனிகளோ, அழிவுக்கஞ்சிய அடியார் மண்ணுள் மறைத்தவை எனக் கருதப்படுபவை. கடல், சுவர், மண் என மூவிடத்தும் சிதறிக் கிடப்பது ஒரே கோயில்; ஒரே அழிவின் சாட்சியம். கடலடித் தூணொன்றைத் தனியே மேலெடுத்து நூதனசாலையில் நிறுத்தினால், அது நல்லதொரு தூணாக இருக்கும், அவ்வளவே. அது ஏன் கடலுள் வீழ்ந்தது என்பதை மலையும் கோட்டையுமன்றி வேறெதுவும் சொல்லாது. பண்பாட்டு நிலத்தோற்றம் என்ற கருத்தின் தேவை இங்கேதான் புலனாகிறது.

2001இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டு, 2009இல் நடைமுறைக்கு வந்த சமவாயம் புதையல் நோக்கை உறுதியாக மறுக்கிறது. வணிகச் சூறையாடலைத் தடுத்தலும், பொருளைக் கிடந்த இடத்திலேயே பேணுதலை முதல் வழியாகக் கொள்ளலும் அதன் சிறப்புகள். இயற்கைச் சூழலையும் அதன் வரைவிலக்கணம் தழுவுகிறது. ஆயின் நூறாண்டேனும் நீருட் கிடந்தவற்றையே அது கருதுகிறது. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹேர்மஸ் கப்பல் 2042 வரை காத்திருக்க வேண்டும். இதனினும் பெரிய குறை, நீர்மட்டமே மரபுரிமையின் எல்லையாகி விடுவது. சுவாமி மலையில் அவ்வெல்லை ஒரு கோயிலையே இரண்டாகப் பிளக்கிறது.

இனங்காணல் என்பதும் கருவிகளால் மட்டும் நிகழ்வதன்று. அம்பாந்தோட்டைக்கு அண்மையிற் கொடவாய கடலடியிலே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழைமையுடைய கப்பற் சிதைவு 2003இல் அறியப்பட்டது மீனவர் வாயிலாகவே. வலை எங்கே சிக்கும் என்று அறிந்தவனே கடலடியின் முதல் வரைபடத்தை வைத்திருப்பவன். சுவாமி மலைக் கடலை அளக்கப் புகுவோர் அவனிடமும் கேட்க வேண்டும்; கோட்டைச் சுவரின் கற்களையும் உடன் அளக்க வேண்டும். சுவரிலுள்ள கல்லிலும் கடலிலுள்ள கல்லிலும் ஒரே சிற்பியின் உளித்தடம் இருத்தல் கூடும்.