பழைய ஜீப்பும் இரண்டு நாட்டுச் சட்டமும்

போடிநாயக்கனூரிலிருந்து விடிகாலையில் ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்பும், நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் உரமூட்டையையும் துரையையும் மாறிமாறிச் சுமந்த லேண்ட்ரோவரும் செய்கிற வேலை ஒன்றுதான். சேறு, செங்குத்து, ஆள் பாரம். ஆனால் அப்படியொரு ஃபோர் வீல் வண்டியைப் பழையதாக வாங்கி, காட்டுப்பாதைக்கென்று கொஞ்சம் உயர்த்தி, டயரை மாற்றி, முன்னால் ஒரு வின்ச் பூட்டலாம் என்று ஆசைப்படுகிறவர் போடும் கணக்கு பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் வேறொன்று. இந்தியாவில் வண்டி கைக்கு எட்டும். மாற்றத்தைச் சட்டம் விடாது. இலங்கையில் மாற்றத்துக்கு வழியுண்டு, வண்டிதான் எட்டாது.

வம்சம் பார்த்தால் இரு நாட்டு ஜீப்புகளும் பங்காளிகள். அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை மகிந்திரா 1947-இல் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. எம்.எம்.540, கமாண்டர், மேஜர் எல்லாம் அந்த வழி வந்தவை; 2010-இல் வந்த தாரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் விற்றது. அதே வில்லிஸின் உரிமத்தை வாங்கி மிட்சுபிஷி 1953 முதல் 1998 வரை ஜப்பானில் ஜீப் செய்தது. இலங்கையில் 4டி.ஆர்.5 என்று எஞ்சின் பெயராலேயே அழைக்கப்படும் ஜீப் அந்த வீட்டுப் பிள்ளை.

விலையில்தான் பங்காளிகள் பிரிகிறார்கள். இலங்கையில் ஓடும் ஜீப், கெப் (பிக்கப்) வண்டிகள் பெரும்பாலும் இறக்குமதி. வரி எஞ்சினின் சி.சி. கணக்கில் ஏறுவதால் பெரிய டீசல் எஞ்சின் என்றாலே அடி பலம். அதன்மேல் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பிப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டில் ரூபாய் சரிந்தது, வண்டி விலை ஏறியது. பணத்தை வங்கியில் போடுவதைவிட ஒரு லேண்ட் குரூசரில் போடுவது மேல் என்று நினைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. முப்பது வயது வண்டிக்கு ஒரு காணித்துண்டின் விலை சொல்கிறார்கள். சொல்கிறவருக்கு வெட்கமில்லை, கேட்கிறவருக்கு வியப்புமில்லை.

இந்தியாவில் ஜப்பானின் பழைய வண்டிகள் நடைமுறையில் வருவதே கிடையாது. உள்நாட்டில் செய்ததிலிருந்துதான் பொறுக்க வேண்டும்: பழைய மகிந்திராக்கள், தார், ஃபோர்ஸ் கூர்க்கா, பிறகு மாருதி ஜிப்ஸி. 1985-இல் வந்த ஜிப்ஸி ஒரு டன் அளவே எடை கொண்டது. முன்னும் பின்னும் கமான் பட்டை, ஒற்றைத் துண்டான ஆக்ஸில். எளிமையான வண்டி என்பதால் மலைப்பாதைக்காரர்களுக்கு இன்றும் மயக்கம் தீரவில்லை. ராணுவம் கழித்து ஏலம் விட்ட ஜிப்ஸிகளும் சந்தையில் சுற்றுகின்றன. அவற்றில் கிலோமீட்டர் காட்டும் முள்ளை நம்பிப் பயனில்லை. நகராமல் நின்றபடி எஞ்சின் ஓடிய மணிக்கணக்கு அந்த முள்ளுக்குத் தெரியாது.

டெல்லியில் டீசல் வண்டிக்குப் பத்தாண்டு என்று வைத்த கெடுபிடியால் அங்கிருந்து தெற்கே மலிவாக இறங்கிய வண்டிகள் நிறைய. உலர்ந்த ஊர் என்பதால் துரு குறைவு, அது உண்மையான லாபம். ஆனால் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே புது எண்ணுக்கு மாற்றி, வரியையும் மறுபடி கட்டினால் மலிவில் பாதி கரைந்துவிடும். விலை பேசும் தரகர் அந்தப் பாதியைப் பற்றிப் பேசமாட்டார்.

இரு நாட்டிலும் முதலில் பார்க்க வேண்டியது அடிப்பாகம். லேண்ட்ரோவரின் உடம்பு அலுமினியக் கலவை, பளபளவென்று இருக்கும். அதைத் தாங்கும் சேஸி இரும்பு. மலைநாட்டு ஈரத்தில் அது உள்ளுக்குள்ளேயே உதிர்ந்துகொண்டிருக்கும். மன்னார், யாழ்ப்பாணம், இந்தப் பக்கம் சென்னை, தூத்துக்குடி என்றால் உப்புக்காற்று. சுத்தியலின் பின்பக்கத்தால் சேஸியை நெடுகத் தட்டிப் பாருங்கள். ஓசை மந்தமாகும் இடத்தில் நில்லுங்கள். வண்டி முழுக்கப் பழசாக இருக்க, அடியில் மட்டும் புதுக் கறுப்பு வண்ணம் அடித்திருந்தால் அது அலங்காரத்துக்காக அடித்தது அல்ல. ஸ்டியரிங் பாக்ஸ் பூட்டியிருக்கும் இடத்திலும், பட்டைகள் தொங்கும் கொக்கிகளிலும் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு மண்தரையில் ஓட்டிப் பாருங்கள். தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டுக் காட்டுவது சோதனை ஆகாது. வளைவில் கியர்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு இருப்பதையும் கெடுக்கும். லோ கியரில் இறக்கத்தில் காலை எடுக்கும்போது நெம்புகோல் தானாக நழுவினால், டிரான்ஸ்பர் கேஸைக் கழற்றும் செலவை விலையில் குறையுங்கள்.

காகிதத்தில் இருக்கும் வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. இந்தியாவில் கடன் இருந்தால் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் ஹெச்.பி. என்று அடமானக் குறிப்பு ஏறியிருக்கும்; வண்டி கடன் வாங்கியவர் பெயரில்தான் இருக்கும். வங்கியின் கடிதமும் படிவம் 35-ம் கொடுத்தால் அது நீங்கும். இலங்கையில் லீசிங் எடுத்த வண்டிக்கு நிதி நிறுவனமே முழு உரிமையாளர். ஓட்டுகிறவர் பதிவுசெய்த உரிமையாளர் மட்டுமே. நிறுவனம் விடுவிக்காமல் கை மாறாது. போதாததற்கு 'ஓபன் பேப்பர்' என்றொரு வழக்கம்: கையெழுத்திட்ட மாற்றப் படிவம் பெயர் நிரப்பாமலேயே கைக்குக் கை போகும். நடுவில் ஒருவர் இறந்தாலோ வெளிநாடு போனாலோ வண்டி உங்கள் முற்றத்தில் நிற்கும், உரிமை நிற்காது. திறந்த காகிதத்தோடு வரும் ஜீப் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இனி மாற்றம். இந்தியாவில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அளவுகளிலிருந்து வண்டி மாறக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. முன்பக்க இரும்புக் காப்புக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இத்தனைக்கும் ஹரியானாவின் மண்டி டப்வாலி, பழைய ஜீப்பை வெட்டி ஒட்டிப் புதுக் கோலத்தில் தருவதற்கே பெயர் போன ஊர். அந்தக் கோலத்தை ஆர்.சி.யோடு ஒப்பிட்டால் விபத்து இழப்பீடு கேட்கும் நாளில் காப்பீட்டு நிறுவனம் என்ன சொல்லும் என்பதை ஊகிக்கலாம். சட்டம் இவ்வளவு இறுக வேண்டியதில்லை என்பது என் கட்சி. ஆனால் சோதனைச்சாவடியில் என் கட்சி செல்லாது.

இலங்கையின் மரபு வேறு. உதிரி கிடைக்காத பிரிட்டிஷ் எஞ்சினைத் தூக்கிவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சினை வைப்பது அங்கே வண்டியைச் சாகவிடாமல் காக்கும் கைவேலை. பஞ்சிகாவத்தை உதிரிச் சந்தையில் எஞ்சின் தேடி, கராஜ் பாஸிடம் அடாப்டர் தட்டு கடையச் சொல்லி, பிறகு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பரிசோதகரிடம் காட்டிப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ள வழியுண்டு. யால, வில்பத்து வாசல்களில் நிற்கும் சஃபாரி ஜீப்புகளைப் பாருங்கள்: கெப்பின் முதுகில் படிப்படியாக இருக்கை, மேலே கூரை. அதற்காக எதையும் செய்யலாம் என்று எண்ணிவிடக் கூடாது. 2025 தொடக்கத்தில் பஸ், முச்சக்கர வண்டிகளில் மேலதிகமாகப் பூட்டியவற்றைப் பொலிஸார் கழற்ற வைத்தார்கள்.

ஆகவே திட்டத்தின் வரிசையும் மாறுகிறது. எங்கும் முதல் செலவு டயர்தான். ஒரு சுற்று பெரிய டயர் போட்டாலே கியர் விகிதம் மாறி, ஜிப்ஸி போன்ற சிறிய எஞ்சின் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். பிரேக்குக்கும் வேலை கூடும். பட்டை கூட்டி உயர்த்தினால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கெட்டு மூட்டுகள் சீக்கிரம் தேயும், பட்டையும் விறைத்துப்போகும். உயரத்தைவிட நல்ல இழுவைக் கொக்கி, கயிறு, காற்று அடிக்கும் பம்பு இவையே சேற்றில் உதவும். இலங்கையின் மீமுரே மலைப்பாதையிலும் இந்தியாவின் கொழுக்குமலையிலும் உள்ளூர் ஓட்டுநர்கள் பெரும்பாலும் சாதாரண வண்டியில்தான் ஏறி இறங்குகிறார்கள்.

இந்தியாவில் நான் தேடுவது 2021-க்குப் பிந்தைய கூர்க்காவை. ஸ்நார்கலும் முன்பின் டிஃப் லாக்கும் தொழிற்சாலையிலேயே வருகின்றன. எந்த அதிகாரி கேட்டாலும் ஆர்.சி.யே பதில். இலங்கையில் வாங்குவதானால், வேறொருவர் ஏற்கெனவே எஞ்சின் மாற்றி, பத்தாண்டு ஓட்டி, அந்த எஞ்சின் எண்ணைப் புத்தகத்திலும் ஏற்றி வைத்திருக்கும் ஜீப்பை வாங்குங்கள். எண் பொருந்தவில்லை என்றால் முன்பணம் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.