ஆயிரத்தோடு வாய்மூடும் வால்கிரிண்ட்

ஒரு ப்ரோகிராமில் 1,000 வெவ்வேறு பிழைகளைக் கண்டுவிட்டால் வால்கிரிண்ட் அதற்கு மேல் எதையும் காட்டாது. இனி ரிப்போர்ட் செய்யப்போவதில்லை, கடைசியில் வரும் எண்ணிக்கையும் துல்லியமாக இருக்காது, முதலில் போய் ப்ரோகிராமைச் சரிசெய்யுங்கள் என்று டெர்மினலில் எழுதிவிட்டு ஒதுங்கிவிடும். ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தாலும் மொத்தக் கணக்கு 1 கோடியைத் தொட்டதும் இதே கதைதான். முகத்துக்கு நேரே இப்படித் திட்டும் டூல் வேறொன்றை நான் பார்த்ததில்லை. திட்டுவதில் நியாயமும் இருக்கிறது.

சி, சி++ எழுதுகிறவர்களுக்கு வால்கிரிண்டை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஜூலியன் சீவர்ட் உருவாக்கிய இந்த இலவச டூலின் முதல் பதிப்பு 2002இல் வந்தது. நம் ப்ரோகிராமை நேரடியாக ஓடவிடாமல், தனக்குள் ஒரு செயற்கை சிபியூவை வைத்துக்கொண்டு அதில் ஓட்டிப் பார்க்கும். அதன் மெம்செக் என்ற பகுதி, மெமரியில் எந்த பிட்டுக்கு மதிப்பு கொடுக்கப்பட்டிருக்கிறது, எதற்கு இல்லை என்பது வரை கணக்கு வைக்கிறது. இதற்கு நாம் கொடுக்கும் விலை வேகம்: சாதாரண ஓட்டத்தைவிட 20, 30 மடங்கு மெதுவாகும். பிழையைக் கண்டுபிடிக்கும் திறமையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சோதித்துப் பார்த்தது வேறு. பெரிய, பழைய ப்ரோகிராம் ஒன்றை இதில் போட்டால் எச்சரிக்கைகள் வெள்ளமாகக் கொட்டும். அந்த வெள்ளத்தை இது எப்படிச் சமாளிக்கிறது?

சின்னதாக ஒன்றை எழுதிப் பார்க்கலாம். மாலக்கில் 10,000 இன்டீஜர்களுக்கு இடம் வாங்கி, எதையும் நிரப்பாமல், ஒவ்வொன்றும் பூஜ்யத்தைவிடப் பெரியதா என்று ஒரு லூப்பில் கேட்டு, பெரியவற்றை எண்ணி, கடைசியில் அந்த எண்ணிக்கையை அச்சிடும் ப்ரோகிராம். ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்து ஓட்டினால் திரையில் வருவது ஒரே ஒரு எச்சரிக்கைதான்: மதிப்பு கொடுக்கப்படாத ஒன்றை நம்பி இந்த வரியில் முடிவெடுக்கிறீர்கள் என்று. கடைசி வரியில், ஓர் இடத்திலிருந்து 10,000 பிழைகள் என்ற சுருக்கம். அதாவது மீண்டும் வருவதை எறிந்துவிடுவதில்லை. எண்ணி வைத்துக்கொள்கிறது, ஆனால் மறுபடி சொல்வதில்லை. என் பார்வையில் இந்த டூலில் இருக்கும் மிக நல்ல வடிவமைப்பு முடிவு இதுதான். முதலில் ‘எத்தனை இடம்’ என்ற எண்ணைப் பாருங்கள். ‘எத்தனை பிழை’ என்பது பெரும்பாலும் லூப் எத்தனை முறை சுற்றியது என்பதைத்தான் சொல்கிறது. (ஆப்டிமைசேஷனை ஏற்றிவிட்டால் கம்பைலர் அந்த இஃப்பையே கூட்டலாக மாற்றிவிடக்கூடும். அப்போது எச்சரிக்கை லூப்பில் வராமல், எண்ணிக்கையை அச்சிடும் இடத்தில் போய் முளைக்கும். அதனால் மெம்செக்குக்கென்று ஆப்டிமைசேஷன் இல்லாத பில்ட் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.)

இப்போது அதே அரேயிலிருந்து ஒரே ஒரு எண்ணை பிரின்ட்எஃப்பில் அச்சிடச் சொல்லுங்கள். தவறு ஒன்றுதான், ஆனால் எச்சரிக்கைகள் வரிசையாக வந்து விழும். எண்ணை எழுத்தாக மாற்றுவதற்கு சி லைப்ரரி உள்ளே பல இடங்களில் அந்த மதிப்பைத் தொடுகிறது; ஒவ்வொரு இடமும் மெம்செக்குக்குத் தனிப் பிழை. இரண்டு எச்சரிக்கைகள் ஒன்றா இல்லையா என்பதை அது ஸ்டாக்கின் மேல் நான்கு அடுக்குகளை ஒப்பிட்டுத்தான் முடிவுசெய்கிறது, தவறு எங்கே பிறந்தது என்பதை வைத்து அல்ல. பிறந்த இடம் வேண்டுமென்றால் ‘--ட்ராக்-ஆரிஜின்ஸ்=யெஸ்’ போட வேண்டும். அப்போது எல்லா எச்சரிக்கைகளும் ஒரே மாலக் வரியைக் கைகாட்டும். ஆனால் ஏற்கெனவே ஆமை வேகத்தில் போவது இன்னும் பாதியாகும். குறைந்தது 100 எம்பி மெமரியும் கூடுதலாகத் தின்னும். எச்சரிக்கைகள் கலந்துகட்டி வரும்போது இந்தச் செலவு தகும்.

நூறு வெவ்வேறு பிழைகளைத் தாண்டியதும் வால்கிரிண்ட் சத்தமில்லாமல் ஒன்று செய்கிறது. சத்தமில்லாமல் என்று சொல்வதும் தப்பு, ஒரு வரி எழுதித்தான் செய்கிறது; நாம்தான் படிப்பதில்லை. அதற்குப் பிறகு ஒப்பிடுவது மேல் இரண்டு அடுக்குகளை மட்டுமே. அதனால் தனித்தனியாக வந்திருக்க வேண்டிய சில பிழைகள் ஒன்றாக மடிந்துபோகலாம். நீளமான லாக்கின் பின்பாதியை முன்பாதி அளவுக்கு நம்பக்கூடாது. ‘--எரர்-லிமிட்=நோ’ போட்டு ஆயிரத்தின் வரம்பை எடுத்துவிடுவது சுலபம்தான், எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் பத்துப் பிழைகளைச் சரிசெய்தால் அடுத்த நூறு தானாகவே காணாமல் போவதுதான் வழக்கம்.

சரி, பிழை நம்முடையதே இல்லையென்றால்? வரைகலை லைப்ரரி, டிரைவர், பைத்தான் இன்டர்பிரட்டர் என்று நாம் தொட முடியாத இடங்களிலிருந்து வரும் எச்சரிக்கைகளை மறைப்பதற்குத்தான் சப்ரெஷன் ஃபைல். பைத்தானின் சோர்ஸோடு இப்படி ஒரு ஃபைல் சேர்ந்தே வருகிறது. வால்கிரிண்டும் சி லைப்ரரிக்கென்று சொந்தமாக ஒன்றை வைத்திருக்கிறது. ‘--ஜென்-சப்ரெஷன்ஸ்=யெஸ்’ என்று ஓட்டினால் ஒவ்வொரு பிழைக்கும் நின்று, இதற்கு சப்ரெஷன் அச்சிடட்டுமா என்று கேட்கும். ஒய் அழுத்தினால் அடைப்புக்குறிகளுக்குள் ஒரு துண்டு கிடைக்கும்: முதல் வரி பெயர், இரண்டாவது வரி பிழையின் வகை, அதன் கீழே ஸ்டாக்கில் உள்ள ஃபங்ஷன்கள். அதை அப்படியே வெட்டி ஃபைலில் ஒட்டினால் வேலை முடிந்தது. கேள்வி கேட்கவே வேண்டாம் என்றால் ‘யெஸ்’ இடத்தில் ‘ஆல்’. சப்ரெஸ் ஆனவை அந்த ஆயிரத்தின் கணக்கில் சேராது என்பது கூடுதல் வசதி.

பிரச்சினை ஆரம்பிப்பதும் இந்த ஃபைலில்தான். பெயர் வரியில் ‘இங்கே ஒரு பெயரை எழுதவும்’ என்று அது விட்டுவைக்கும். அதை மாற்றாமல் ஒட்டிய ஃபைல்கள் ஊரெங்கும் இருக்கின்றன. ஆறு மாதம் கழித்து எது எதற்காக என்று ஒருவருக்கும் தெரியாது. இன்னொன்று, மூன்று புள்ளி. ஸ்டாக்கின் நடுவில் எத்தனை ஃபங்ஷன் வந்தாலும் பரவாயில்லை என்று அதற்கு அர்த்தம். ஃபங்ஷன் பெயராக மாலக்கையும் அதன் கீழே மூன்று புள்ளியையும் போட்டு லீக் சப்ரெஷன் எழுதினால், மாலக்கில் வாங்கிய அத்தனை லீக்கும் மறைந்துவிடும், உங்களுடையதும் சேர்த்து. லீக் வகையைக் குறிப்பிடும் வரியை விட்டுவிட்டாலும் ஆபத்துதான்: கடைசிவரை பாயின்டர் கையில் இருக்கும் சாதுவான வகையை மறைக்க நினைப்போம், நிச்சயமாகத் தொலைந்துபோன மெமரியும் கூடவே மறையும். சி++ ஃபங்ஷன்களின் பெயரைக் கம்பைலர் சிதைத்து வைத்த வடிவத்தில்தான் எழுத வேண்டும் என்பதால் கையால் எழுதுவது நரகம். டூல் தருவதை ஒட்டுவதே மேல்.

இவ்வளவு குறைக்குப் பிறகும் சப்ரெஷன் ஃபைலை நான் ஆதரிப்பதற்குக் காரணம் டெபியன் லினக்ஸில் நடந்த கதை. எச்சரிக்கை வரக்கூடாது என்பதற்காகச் சோர்ஸையே மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் கிடையாது. ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் ரேண்டம் எண் பகுதியில் மதிப்பு கொடுக்கப்படாத மெமரியைத் தொடுவதாக வால்கிரிண்ட் புகார் சொன்னது. அதை அடக்க, டெபியனின் பதிப்பில் 2006இல் இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. ஒன்று போனதில் பாதகமில்லை. மற்றொன்றுதான் உண்மையான ரேண்டம் தரவு உள்ளே கலக்கும் வழி. மிஞ்சியது ப்ராசஸ் எண் மட்டும். அதிகபட்சம் 32,768 வாய்ப்புகள். டெபியனிலும் உபுன்டுவிலும் அந்தக் காலத்தில் உருவான எஸ்எஸ்ஹெச் சாவிகளை ஊகித்துவிட முடியும் என்ற நிலை. டெபியன் டெவலப்பர் லூசியானோ பெல்லோ இதைக் கண்டுபிடித்தார்; 2008 மே 13 அன்று அறிவிப்பு வெளியானது. சப்ரெஷன் ஃபைலில் ஒரு துண்டு எழுதியிருந்தால் எச்சரிக்கை போயிருக்கும், லைப்ரரி தொடப்படாமல் இருந்திருக்கும்.

எதை மறைத்தோம் என்பதைக் காட்டவும் வழி இருக்கிறது. கமாண்டில் ‘-எஸ்’ சேர்த்தால் எந்த சப்ரெஷன் எத்தனை முறை பயன்பட்டது, எந்த ஃபைலில் எந்த வரி என்று பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் வராதவற்றை அவ்வப்போது களையெடுக்கலாம். ஆட்டோமேட்டிக் பில்டில் ‘--எரர்-எக்ஸிட்கோட்’ போட மறந்தால் எல்லாம் வீண். அது இல்லாவிட்டால் வால்கிரிண்ட் எவ்வளவு பிழை கண்டாலும் உங்கள் ப்ரோகிராம் திருப்பிய எண்ணையே திருப்பும், பில்டும் பச்சையாகவே இருக்கும்.

போட்டியாளர் அட்ரஸ் சானிடைசர். அது சுமார் இரண்டு மடங்குதான் மெதுவாகும். வழக்கமாக முதல் பிழையிலேயே ப்ரோகிராமை நிறுத்திவிடும் என்பதால் வெள்ளம் என்ற பேச்சே எழாது. புதிதாக எழுதும் கோடுக்கு அதுவே போதும், கையில் சோர்ஸ் இருந்து மறுபடி கம்பைல் செய்ய முடிந்தால். ஆனால் மதிப்பு கொடுக்கப்படாத மெமரியை அது பிடிக்காது. மறுகம்பைல் செய்ய முடியாத பழைய பைனரி, ஊர்ப்பட்ட லைப்ரரிகள், நூற்றுக்கணக்கில் எச்சரிக்கை என்ற நிலைமைக்கு என் ஓட்டு இன்னும் வால்கிரிண்டுக்கே. ஆயிரத்தின் வரம்பை எடுக்காதீர்கள், ஒவ்வொரு சப்ரெஷனுக்கும் பெயரும் காரணமும் எழுதுங்கள், அந்த ஃபைலையும் கோடு ரிவ்யூவுக்கு அனுப்புங்கள்.